மேஸ்திரி வீட்டுக் கூரை

மனித இனம் நிமிர்ந்து வாழத் தொடங்கியதே மொட்டை மாடி கட்டிய பிறகுதான் என்பது மேஸ்திரியின் முடிவு. இருபுறமும் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரையை அவர் கூரையாகவே ஒப்புக்கொண்டதில்லை. "பாதி படிச்சுக் கவுத்து வச்ச புஸ்தகம்" என்பார். அத்தகைய கூரைகளைப் போட்டே பிழைக்கும் தச்சரின் தங்கையைத்தான் அவர் கட்டியிருந்தார். புது வீட்டுக்குக் குடிவந்த அன்று நாலு பேர் முன்னால் அவர் அதைச் சொல்லிச் சிரித்ததிலிருந்து தச்சர் இந்தப் படி ஏறவில்லை. மூன்று வருஷம் ஆகிறது.

அன்று காலை, மேஸ்திரி மனைவியின் மாமியார் படுத்திருந்த கட்டில் இரவு மழையில் நனைந்திருந்தது.

"மாடியில துணி தொவைக்காதேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்... தளத்தையே பேத்துட்டா மகராசி. எம் மவன் கட்டுன வீடு ஒழுகுமா?"

துணிதான் காரணம் என்று தாய்க்குச் சொல்லி வைத்தவர் மேஸ்திரி. இப்போதும் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. மனைவி வழக்கம்போல் துடைப்பத்தோடு மாடிக்குப் போனாள். மாமியார் தச்சருக்கே போன் போட்டார். "உன் தங்கச்சி பண்ணுன காரியத்தை வந்து பாரு."

தச்சர் வந்தார். மாடியேறினார். மேஸ்திரியும் பின்னாலேயே போனார். அவள் இன்னும் தேங்கிய நீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மட்டம் பார்க்கும் ரசமட்டம் வைக்காமல் கண்ணாலேயே தண்ணீர் ஓடும் வாட்டம் பிடிப்பவர் என்று மேஸ்திரிக்கு ஊரில் பெயர். தச்சர் மழைநீர்க் குழாயின் வாயருகே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அது குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடியின் நடுவுக்கு ஓடி, மாமியாரின் கட்டிலுக்கு நேர் மேலே போய் நின்றது.

"வாட்டம் உள்பக்கமா வந்துருச்சு மாப்பிள." குரலில் குத்தல் இல்லை. அதுதான் குத்தியது.

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"மொத மழையிலயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட ஆறு பேரு வேலை செய்றாங்க... காதுல விழுந்தா சிரிப்பாங்க. என்னைத் திட்டுனா வீட்டோட போயிடும்."

படியில் மாமியாரின் தலை தெரிந்தது. "என்னடா, துணிதானே?"

"துணி இல்லம்மா... நான்தான். மூணு வருஷமா உங்கிட்ட பொய் சொன்னேன்."

மாமியார் மிச்சப் படிகளையும் ஏறினார். பிறகு வந்து மருமகளின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கினார். அவள் உள்ளங்கை காய்த்திருந்தது. அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "நானெல்லாம் ஒரு மனுஷியாடி..." என்று அழுதார்.

அடுத்த வாரம் மாடிக்கு மேல் ஓட்டுக் கூரை போட மரச்சட்டங்கள் வந்து இறங்கின. தெருவே வேடிக்கை பார்த்தது. முகட்டு உத்தரத்தைத் தூக்கத் தச்சர் ஆள் தேடியபோது, மேஸ்திரி சட்டையைக் கழற்றிவிட்டு மறுமுனைக்குத் தோள் கொடுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மச்சான்," என்றார் மெல்ல, "சரிவு இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்."