விழாத நூற்று எழுபது ஓட்டுகள்

காக்ஸ் டவுனில் உள்ள அலர்மேல்மங்கையின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த ரூபினி உட்காரக்கூட இல்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு டிரேவர்னு ஒரு பையனைக் காலேஜை விட்டே அனுப்பப் போறாங்க மேடம். அதுக்குள்ள இதை யார் பண்ணதுன்னு தெரியணும்."

ரூபினி கம்ப்யூட்டர் விரிவுரையாளர். ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவள். மாணவர் தேர்தலைப் போனிலேயே நடத்த அவளுடைய மாணவர்கள் ஒரு மென்பொருள் எழுதியிருந்தார்கள். அதில் ஒளிவுமறைவு கிடையாது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்பதும் பெயரோடு பதிவாகியிருக்கும். இங்கிலீஷ், கன்னடம், தமிழ் என்று மூன்று மொழிகளில் திரை. திங்கட்கிழமை தேர்தல் நடந்தது. தமிழ்த் திரையைத் திறந்தவர்கள் நூற்று எண்பத்தொரு பேர். ஓட்டுப் போட்டவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் பயந்துபோய் மூடிவிட்டார்கள்.

"அப்படி என்ன இருந்தது? படிங்க" என்று தாளை அவள் பக்கம் தள்ளினார் அலர்மேல்மங்கை.

"கண்ணாடி எடுத்துட்டு வரலை மேடம். என்ன மதம்னு கேக்குதாம். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

தமிழ்த் திரையை அச்செடுத்திருந்த அந்தத் தாளை அய்யாவு எடுத்துக்கொண்டார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர், அலர்மேல்மங்கைக்குப் பத்து வருடத் துணை. அவர் கணக்கில் பால் பாக்கெட் போடுகிறவர்கூடச் சந்தேகத்துக்குரியவர்தான். "'உங்கள் மதத்தை பதிவு செய்யவும்'. சரியாப் போச்சு! ஓட்டுப் போட வந்தவன்கிட்ட மதத்தைக் கேட்டா ஓடாம என்ன பண்ணுவான்? ஜெயிச்சது யாரும்மா?"

"டிரேவரோட ஃப்ரெண்டு."

"அப்புறம் என்ன? கேஸ் முடிஞ்சுது மேடம்!"

"இருங்க அய்யாவு. மத்த ரெண்டு திரை எப்படி?"

ரூபினி போனைத் திறந்தாள். "அது ரெண்டும் கரெக்ட். கன்னடத்துல பாருங்க" என்று எறும்பு ஊர்வது போலிருந்த எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். "'நிம்ம மதவன்னு தாகலிசி'. தமிழ்ல மட்டும்தான் யாரோ கை வெச்சிருக்காங்க."

"தமிழ் வரியை எழுதினது?"

"நான்தான். டீம்ல தமிழ் ஆளு நான் ஒருத்திதான். எழுதி டிரேவருக்கு வாட்ஸப் பண்ணேன், அவன் ஏத்தினான். நான் சரியாத்தான் குடுத்தேன்னு பிரின்சிபால்கிட்ட சொன்னேன்." குரல் இறங்கியது. "அதுல பழி மொத்தமும் அவன் மேல போயிடுச்சு. அவன் மறுபேச்சே பேசலை. அதான் எனக்குப் பேஜாரா இருக்கு."

மூன்று மணிக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் எல்லோரும் கூடினார்கள். பிரின்சிபால் ஹெர்பர்ட்டுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. டிரேவருக்கும் அப்படித்தான். அவன் ஜன்னலோரம் தலை குனிந்து நின்றான்.

"வரியை மாத்தினியாப்பா?" என்று கேட்டார் அலர்மேல்மங்கை.

"இல்ல மேடம். ஆனா ரூபினி மேடம் தப்பா குடுக்க மாட்டாங்க. காப்பி பண்றப்போ நான்தான் எங்கயோ கெடுத்திருப்பேன். எனக்கு அந்த லெட்டர்ஸ் தெரியாதுல்ல."

ரூபினி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அலர்மேல்மங்கை பதிவுகளைத் திரையில் காட்டச் சொன்னார். அந்த வரி நான்காம் தேதி ஒரே முறை ஏற்றப்பட்டிருந்தது. அதன்பிறகு யாரும் தொடவில்லை. அடுத்து ரூபினியின் போனை வாங்கி, அவள் அனுப்பிய செய்தியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். "அய்யாவு, ரெண்டையும் எழுத்துக் கூட்டிப் படிங்க."

அய்யாவு இரண்டு முறை படித்தார். அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஒண்ணேதான் மேடம். ஒரு புள்ளி மாறலை."

"அப்போ யாரும் கை வைக்கலை" என்றார் அலர்மேல்மங்கை. "இன்னொண்ணும் இருக்கு. ஏத்தினதும் திரையைப் படம் எடுத்து, 'சரியா மேடம்'னு டிரேவர் கேட்டிருக்கான். நீங்க 'ஓகே' போட்டிருக்கீங்க. மதத்தைக் கேக்குதுன்னு தெரிஞ்சே ஓகே சொல்ற ஆள் நீங்க இல்ல. அப்போ ஒரு காரணம்தான் மிச்சம். அதை நீங்க படிக்கலை. காலையில கண்ணாடி இல்லைன்னீங்க, ஆனா அதைவிடப் பொடி எழுத்துல கன்னடத்தைக் கடகடன்னு வாசிச்சீங்க."

"அவங்கதான் எழுதினாங்களே!" என்றார் ஹெர்பர்ட்.

"இங்கிலீஷ் லெட்டர்ல அடிச்சா போனே தமிழாக்கிடும் சார். எழுதறதுக்குப் படிக்கத் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. ரூபினி படிச்சது கன்னட மீடியமாத்தான் இருக்கணும். கன்னடத்துல ஓட்டுக்கு 'மத'ன்னு பேரு. 'நிம்ம மதவன்னு'ன்னா உங்க ஓட்டைன்னு அர்த்தம். தமிழ்ல அதே வார்த்தைக்கு அர்த்தமே வேற."

ரூபினியின் காது மடல்கள் சிவந்துவிட்டன. எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"வீட்ல ஓட்டுன்னுதான் சொல்வோம்" என்றாள் மெதுவாக. "காலேஜ் திரையில அப்படிப் போட்டா சேரித் தமிழ்னு சிரிப்பாங்கன்னு நினைச்சேன். கௌரவமா ஒரு வார்த்தை வேணும்னு கன்னடத்துல இருக்கறதையே போட்டேன். தமிழ் படிக்கத் தெரியாதுன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல சார். வேலையில சேர்றப்போகூடத் தெரியும்னுதான் எழுதிக் குடுத்தேன். டிரேவர் ஒரு தப்பும் பண்ணலை. என் மெசேஜையும் திரையையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கக்கூட எனக்குத் துணிச்சல் வரலை. அவன் மேல கை காட்டிட்டேன்."

ஹெர்பர்ட் நீக்க உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தேர்தல் மறுபடி நடக்கும் என்றார். ரூபினியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் அவளுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். "என்ன வார்த்தை போடறது?" என்று அய்யாவுவிடம் கேட்டாள்.

"ஓட்டுன்னே போடுங்கம்மா. எல்லாருக்கும் புரியும்."

மாற்றத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் அவள் இங்கிலீஷில், தன் பெயரிலேயே எழுதினாள்: "பிழை என்னுடையது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதை மறைத்தேன். டிரேவர் குற்றமற்றவன்." உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். இனி அழிக்கவும் முடியாது. இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் மாற்றம் ஏறும். டிரேவர் வந்து அதை முழுக்கப் படித்துவிட்டு, பொத்தானை அழுத்தினான்.

"சாரி டிரேவர்" என்றாள் ரூபினி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. "நாலு நாளா எங்கம்மா என்கூடப் பேசலை மேடம். சர்ச்ல எல்லாரும் கேக்கறாங்களாம், டோரீன் பையன் மதத்தைக் கேட்டானாமேன்னு."

"நானே வந்து அம்மாகிட்ட சொல்றேன்ப்பா."

"வீட்ல வேணாம் மேடம்" என்றான் டிரேவர். "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வாங்க. எல்லாரும் இருக்கறப்போ சொல்லுங்க."

ரூபினி சரியென்று தலையாட்டினாள்.