பின்னாலிருந்து தள்ளியவன்

பனிப்புயல் தொடங்கியபோது திர்சா மேட்டின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். முன்னே போன கைவண்டிகளின் தடங்கள் அவள் கண்ணெதிரிலேயே மூடிக்கொண்டிருந்தன. அன்று காலை ஆற்றைக் கடக்கும்போதுதான் அவள் கணவன் ஓசேயா வழுக்கி விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் போனான். உடல் கிடைக்கவில்லை. அழக்கூட நேரமில்லை.

இங்கிலாந்தில் அவர்கள் ஜெபம் செய்த வீட்டின் மேல், அவர்களுடைய புதிய சபையை வெறுத்தவர்கள் எறிந்த கல் விழுந்தது. சபையார் குடியேறியிருந்த சால்ட் லேக் பள்ளத்தாக்கைத் தேடிக் கடல் தாண்டி வந்தார்கள்; இங்கே வானமே விழுந்துகொண்டிருந்தது.

வண்டியில் கடைசி மாவு, போர்வைகள், காய்ச்சலில் மகள் மெகித்தா. நாத்தனார் லெட்டி ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். சக்கரம் அசையவில்லை.

"அண்ணி, வண்டிய விட்டுருவோம். பிள்ளையத் தூக்கிட்டுப் போயிரலாம்."

"போர்வை இல்லாம ராத்திரி பொழைக்குமா? இழுடி!"

திர்சா கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தாள். யாராவது. யாராக இருந்தாலும் சரி.

வண்டி நகர்ந்தது.

இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. கைப்பிடி முதுகில் முட்டி முட்டி அவளை மேலே ஏற்றியது. "தேவதூதன்தான் தள்ளுறான்!" என்று லெட்டி விம்மினாள். திர்சாவுக்கும் கண் நிறைந்தது. சுருண்டு கிடந்த மெகித்தா தலையைத் தூக்கிப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா, அப்பா தள்ளுறாரு."

திர்சா திரும்பினாள். வெண்மை மட்டும். ஆனால் காற்றில் ஆற்றுச் சேற்றின் வாடை.

"அப்பா ஏன் கண்ணே தொறக்கல?"

மேட்டின் உச்சி வந்தது. பாதை இடப்பக்கம் திரும்பியது. வண்டி திரும்பவில்லை. அதே ஆறு வளைந்து வந்து கிடந்த வலப்பக்கச் சரிவில் இறங்கத் தொடங்கியது.

"ஓசேயா, வேணாம்!" திர்சா குதிகாலைப் பனியில் ஊன்றினாள். வண்டி அவளையும் சேர்த்துத் தள்ளியது.

"அங்க ரொம்பக் குளிருதாம்மா. தனியா இருக்க முடியலயாம். நம்மளக் கூப்பிடுறாரு."

கீழே பனிக்கட்டி விரிசல் விடும் ஓசை கேட்டது.

திர்சா கைப்பிடியை விட்டு வண்டிக்குள் பாய்ந்தாள். மகளைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை வரவில்லை. மறுபக்கத்தில் யாரோ பிடித்திருந்தார்கள்.

"அவள விடுங்க. உங்க பிள்ளைதானே, பொழைக்கட்டும். நீங்க தனியாத்தான் போகணும்."

பிடி தளர்ந்தது. இருவரும் பனியில் உருண்டார்கள். வண்டி மாவோடும் போர்வைகளோடும் சரிவில் இறங்கி, சத்தமே இல்லாமல் ஆற்றுக்குள் போயிற்று.

உச்சியிலேயே பிடி நழுவி நின்றுவிட்ட லெட்டி ஓடிவந்து தன் சால்வையைப் பிள்ளைமேல் சுற்றினாள். இருட்டுவதற்குள் செத்துவிடுவோம் என்று மூவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் நடந்தார்கள்.

மேற்கிலிருந்து வந்த கோவேறு கழுதைகளின் மணியோசை அப்போதுதான் கேட்டது. சால்ட் லேக் பள்ளத்தாக்கிலிருந்து சபையார் உதவிக்கு அனுப்பிய கூண்டுவண்டி. ஓட்டிவந்த தாடிக்காரர் மூவரையும் வைக்கோலில் ஏற்றினார்.

"இனிமே பயமில்ல, சகோதரி. படுத்துக்கங்க."

கூண்டின் கித்தான் திரை மூடியது. வண்டிக்குள் கதகதப்பு. திர்சா மகளை மடியோடு அணைத்து முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். மெகித்தா அவள் காதருகே வந்தாள்.

"அம்மா, கொஞ்சம் நகந்து உக்காரேன்."

"ஏன் கண்ணு? இவ்வளவு இடம் இருக்கே."

யாரும் இல்லாத பக்கத்தில் வைக்கோல் மெல்ல அமுங்கியது. பலகை இடுக்கில் நீர் சொட்டத் தொடங்கியது.