மூன்று வீடு தள்ளி ஒரு மணி

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சுவரில் தொங்கிய சின்ன மணி 'பீப்' என்று கத்தியது.

ரோகினி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். கையிலிருந்த ரொட்டித் துண்டு கீழே விழுந்தது.

"அம்மா! ஜோஆன் வந்துட்டா!"

செருப்புகூடப் போடாமல் வாசலைத் தாண்டி ஓடினாள். முதல் வீடு. இரண்டாவது வீடு. அதற்கு மேல் கால் நகரவில்லை.

மூன்றாவது வீட்டின் முன்னால் ஒரு பச்சை லாரி நின்றது. கொடியில் குழந்தைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலில் மஞ்சள் திரை தொங்கியது. ஜோஆன் வீட்டில் எப்போதும் நீலத் திரைதான்.

ரோகினி மெல்லத் திரும்பி நடந்தாள். தார்ச்சாலையின் சூடு அப்போதுதான் பாதத்தில் சுட்டது.

மலேசியாவில், கோலா சாவாவுக்குப் பக்கத்திலுள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்தில், ரோகினியும் ஜோஆனும் ஐந்தாம் ஆண்டுவரை ஒன்றாகவே வளர்ந்தார்கள். பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஏதாவது செய்யவேண்டும் என்று சுகுமாறன் சார் சொன்னபோது, இருவரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். ஜோஆன் படம் வரைந்தாள். ரோகினி கம்பிகளை இணைத்தாள். யாரோ தூக்கிப் போட்ட பழைய டெலிபோன் வயரை, நடுவிலிருந்த இரண்டு வீட்டுக் கூரை ஓரமாகவும் இழுத்துக் கட்டினார்கள்.

இந்த வீட்டுப் பட்டனை அமுக்கினால் அந்த வீட்டு மணி அடிக்கும். அந்த வீட்டில் அமுக்கினால் இங்கே அடிக்கும். ஒவ்வொரு வீட்டிலும் நாலு பேட்டரி போட்ட ஒரு பெட்டி. அவ்வளவுதான். ஆனால் முதல் தடவை அது அடித்த அன்று, இருவரும் சாப்பிடக்கூட மறந்து சாயங்காலம்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு ஜோஆனின் அப்பா விக்டருக்குக் கடலோர ஊரான சி ரூசாவில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்தது.

புறப்பட்ட அன்று ஜோஆன் தன் வீட்டு மணியை மட்டும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஞாபகத்துக்கு," என்றாள். "பட்டன் சுவர்லயே இருக்கட்டும், ரோ. நீ வேற யாரோடயும் சேர்ந்து இத செய்யக் கூடாது. சரியா?"

"சத்தியமா செய்ய மாட்டேன்," என்றாள் ரோகினி.

அது நடந்து பத்து நாள்தான் ஆகிறது.

புதன்கிழமையும் சரியாக மூன்று மணிக்கு 'பீப்'. இந்தத் தடவை ரோகினி எழுந்திருக்கவில்லை. ஒரு தலையணையை எடுத்து மணிமேல் அழுத்திப் பிடித்தாள்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரோ கூப்பிடறாங்க. போய்ப் பாரு லா."

"என்னை யாரும் கூப்பிடல. அது ஜோஆனோட பட்டன். தொடவே கூடாது."

"பட்டன்னா எல்லாரும்தான் தொடுவாங்க," என்றார் அம்மா.

அன்று சாயங்காலம் அம்மாவின் கைப்பேசியில் ஜோஆன் பேசினாள். அவள் பின்னால் கடல் தெரிந்தது. புதுப் பள்ளி பெரிசு என்றாள். நிறைய கூட்டாளிகள் என்றாள். ரோகினி "ஓ" என்றாள், மறுபடியும் "ஓ" என்றாள். முன்பெல்லாம் மணிக்கணக்காகப் பேசுவார்கள். இப்போது நாலு நிமிடத்திலேயே பேச ஒன்றும் இல்லாமல் போனது.

மறுநாள் வகுப்பில் சுகுமாறன் சார் அவள் மேசைக்கு வந்தார்.

"கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் இருக்கு. உன் மணி என்ன ஆச்சு?"

"நான் விலகிக்கறேன் சார். அது ஒரு பக்கம் ஊமை ஆயிடுச்சு."

"ஊமைக்கு வைத்தியம் பார்க்கலாமே," என்றார் சார். "விலகறத அடுத்த வாரம்கூட செய்யலாம். அதுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அன்றும் மூன்று மணிக்கு மணி அடித்தது. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, ரொம்பச் சின்னதாக இன்னும் ஒரு 'பீப்'.

ரோகினிக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் பெட்டியிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்தாள். அந்தப் பட்டனைக் கழற்றி எடுத்து சி ரூசாவுக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மஞ்சள் திரை போட்ட வீட்டின் கதவை அவள் தட்டக் கையைத் தூக்குமுன் கதவே திறந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஷ்ஷ்! தட்டாதீங்கக்கா. தம்பி இப்பத்தான் தூங்கினான். அம்மாவும் தூங்கறாங்க."

"பட்டனைக் கழட்ட வந்தேன்," என்று ரோகினியும் ரகசியக் குரலில் சொன்னாள்.

சிறுமியின் முகம் சுருங்கிப்போயிற்று. ஓடிப்போய்ச் சுவரருகே நின்று பட்டனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கழட்டாதீங்கக்கா! இது ரோகினியைக் கூப்பிடற பட்டன்."

"யார் சொன்னா?"

"இதுலயே எழுதியிருக்கே."

சிறுமி கையை எடுத்தாள். பட்டனுக்குக் கீழே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஜோஆனின் உருண்டை உருண்டையான கையெழுத்து. 'ரோகினியைக் கூப்பிட.' பக்கத்தில் ஒரு அம்புக்குறி.

"நாங்க ரெம்பாவ்லேர்ந்து வந்தோம். என் பேரு மாதவி. ஸ்கூல் மாத்தற கடிதம் இன்னும் வரல. அதனால நான் வீட்டுலயே இருக்கேன். தம்பி தூங்கறப்போ விளையாடக் கூடாது, பாடக் கூடாது, தும்மக்கூடக் கூடாது." ஒரே மூச்சில் கிசுகிசுத்தாள் மாதவி. "அதனால தினமும் ரோகினியைக் கூப்பிடறேன். அவங்க வரவே இல்ல. அவங்களும் வீடு மாறிப் போயிட்டாங்களோ என்னமோ. உங்களுக்கு அவங்களைத் தெரியுமாக்கா?"

ரோகினி ஸ்குரு டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். தலையணையை வைத்து அழுத்திப் பிடித்தது நினைவுக்கு வந்தது. காது சூடாகிவிட்டது.

"தெரியும்," என்றாள். "அவ கொஞ்சம் மெதுவா நடப்பா."

"எவ்வளவு மெதுவா?"

"மூணு வீடு தள்ளி வர மூணு நாள் ஆகும்."

மாதவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அப்போ நான் அமுக்கறது அங்க கேக்குதா? எனக்கு இங்க ஒண்ணுமே தெரியல. சும்மா சுவரை அமுக்கற மாதிரியே இருக்கு."

ரோகினி அதை யோசித்துப் பார்த்ததே இல்லை. கூப்பிடுகிறவளுக்குத் தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவேண்டும். தெரியாமல் மூன்று நாள் கூப்பிட்டிருக்கிறாள்.

"உனக்கு ஒரு மணி மாட்டித் தரேன். நான் பதிலுக்கு அடிப்பேன்."

"ஐயோ வேண்டாம்!" மாதவி அலறியதும்கூட ரகசியமாகவே அலறினாள். "தம்பி எழுந்துடுவான். அவன் அழுதா இந்தத் தோட்டமே எழுந்துடும்."

ரோகினி நின்று யோசித்தாள். சத்தம் போடாத மணி. காதால் கேட்காமல் கண்ணால் பார்க்கிற மணி.

மறுநாள் காலை முதல் வேலையாக சுகுமாறன் சாரிடம் போய் ஒரு விளக்கு கேட்டாள். சார் இரண்டு பச்சை எல்.இ.டி. விளக்குகளைக் கொடுத்தார். பட்டாணி அளவுதான் இருந்தன. கூடவே கோடு போட்ட ஒரு குட்டித் துண்டையும் கொடுத்தார்.

"இது ரெசிஸ்டர். மின்சாரம் ஒரேயடியா பாயாம இது தடுக்கும். மறந்துடாதே."

ரோகினி மறந்துவிட்டாள்.

அவசரம். பள்ளி விட்டதும் மாதவி வீட்டு வயரில் விளக்கை நேராக இணைத்துவிட்டுத் தன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கினாள். திரும்பி ஓடி வந்தபோது மாதவி கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"ரொம்ப அழகா எரிஞ்சுச்சுக்கா! அப்புறம் செத்துப்போச்சு."

ரெசிஸ்டர் ரோகினியின் பாவாடைப் பைக்குள் பத்திரமாக இருந்தது.

இரண்டாவது விளக்கோடு ரெசிஸ்டரைச் சேர்த்தாள். மறுபடியும் ஓடினாள், அமுக்கினாள், வந்தாள். "ஒண்ணும் எரியல," என்றாள் மாதவி. அவள் விளக்கைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தாள். "இதுக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. நொண்டி விளக்காக்கா?"

"அலமாக்!" ரோகினி தலையில் அடித்துக்கொண்டாள். நீளக் கால் பேட்டரியின் பிளஸ் பக்கம் வரவேண்டும். அவள் தலைகீழாக மாட்டியிருந்தாள்.

மாற்றி மாட்டினாள். கறுப்பு டேப்பைச் சுற்றினாள். பட்டனுக்குப் பக்கத்தில் விளக்கை ஒட்டப் போனபோது மாதவி தடுத்தாள்.

"இங்க வேண்டாம்கா. நான் எப்பவும் ஜன்னல்கிட்டதான் உக்காந்திருப்பேன்."

விளக்கு ஜன்னலுக்குப் போனது. வெளிச்சம் பெரிதாகத் தெரிய, வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மாதவி அதன்மேல் கவிழ்த்தாள். அது ரோகினிக்குத் தோன்றாத யோசனை.

மூன்று மணிக்கு ரோகினி வீட்டில் 'பீப்' என்றது. ரோகினி உடனே பதில் அமுக்கினாள். மூன்று வீடு தள்ளி யாரோ சத்தமே இல்லாமல் குதிக்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

திங்கட்கிழமை மாதவியின் கடிதம் வந்துவிட்டது. மூன்றாம் ஆண்டில் சேர்ந்தாள். கண்காட்சியில் மேசைமேல் வைத்த அட்டையில் ரோகினி மூன்று பெயர் எழுதினாள். ஜோஆன் பெயர்தான் முதலில். பரிசு கிடைக்கவில்லை. தானாகவே செடிக்குத் தண்ணீர் ஊற்றும் இயந்திரம் முதல் பரிசை வாங்கியது. அது தலைமையாசிரியையின் காலணிக்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியது.

ஆனால் ரோகினிக்கு நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஜோஆனிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரத்தில் ஜோஆன் அழைத்தாள். இந்தத் தடவையும் பேச்சு நொண்டியடித்துக்கொண்டிருந்தது. அப்போது ரோகினிக்குப் பின்னால் 'பீப்' என்று கேட்டது.

ஜோஆன் பேச்சை நிறுத்தினாள். "அது நம்ம மணி."

"ஆமா."

"யாரு அமுக்கறா?"

"உங்க வீட்டுக்குப் புதுசா வந்த பொண்ணு. மாதவி. நாங்க சேர்ந்து அதைச் சரி பண்ணினோம்."

"நீ சத்தியம் பண்ணினே, ரோ."

"பண்ணினேன். அவ மூணு நாள் என்னைக் கூப்பிட்டா. நான் போகவே இல்ல. மூணாவது நாள் உன் பட்டனைக் கழட்டத்தான் போனேன். அவ நீ எழுதினதைப் படிச்சுட்டுத்தான் தினமும் கூப்பிட்டிருக்கா, ஜோ. என்னால கழட்ட முடியல."

ஜோஆன் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாள் என்று ரோகினி பயந்தாள்.

"நான் பொய் சொன்னேன்," என்றாள் ஜோஆன். அவள் குரல் கரகரத்தது. "இங்க எனக்குக் கூட்டாளியே இல்ல. எல்லாரும் ஏற்கனவே ஜோடி ஜோடியா இருக்காங்க. இடைவேளைல நான் தனியாத்தான் சாப்பிடறேன். இங்கயும் சுவர்ல ஒரு பட்டன் இருந்தா நானும் தினமும் அமுக்குவேன்."

ரோகினி கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க பழைய வீட்டு ஜன்னலைக் காட்டறியா?" என்று ஜோஆன் கேட்டாள்.

ரோகினி வெளியே ஓடினாள். போகும்போதே கத்தினாள். "அம்மா! பட்டனை அமுக்குங்கம்மா!"

"தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன் லா!"

"முழங்கையால அமுக்குங்க!"

ஜன்னலருகே போய்க் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. மஞ்சள் திரைக்குப் பின்னால் ஐஸ்கிரீம் டப்பா முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது.

ஜோஆன் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரை விலகியது. மாதவி எட்டிப் பார்த்தாள். "இவங்கதான் சுவர்ல எழுதினவங்களாக்கா?"

"ஆமா, நான்தான்," என்றாள் ஜோஆன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீ சரியாத்தான் அமுக்கியிருக்கே."

"நீங்க வரப்போ, நான் வெளிய நின்னுக்கறேன். நீங்க உள்ள வந்து அமுக்கலாம்," என்றாள் மாதவி பெருந்தன்மையாக.

ஜோஆன் சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரோ, உங்கம்மாவை இன்னொரு தடவை அமுக்கச் சொல்லேன்."

ரோகினி தெருவிலிருந்து கத்த, அம்மா இன்னொரு தடவை அமுக்கினார். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை. தோசை கருகும் வாசனை மூன்று வீடு தாண்டி வரும்வரை, மூவரும் அந்தப் பச்சை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.