பீங்கானில் ஒரு நீலக் கோடு

"பழைய பிளக்கைப் போட்டு அண்ணனையே ஏமாத்துறியா? திருட்டுப் பயலே!"

அப்பா போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. திட்டு வாங்கியது அவருடைய சொந்தத் தம்பி, மெக்கானிக் சித்தப்பா. போன வாரம்தான் எங்கள் ஸ்கூட்டருக்குப் புது ஸ்பார்க் பிளக் போட்டுக் கொடுத்திருந்தார். இன்று அப்பா என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. சித்தப்பாவின் பட்டறை வரை தள்ளிக்கொண்டு வந்தோம்.

சித்தப்பா பிளக்கைக் கழற்றி அப்பா கையில் வைத்தார். "நானாண்ணே திருடன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எனக்குத் தெரியும். "இவன் சரியா இறுக்கியிருக்க மாட்டான்" என்று பிளக்கை இறுக்க அப்பாவே ஸ்பேனரை எடுத்தார். எங்கள் வீட்டில் அப்பா ஸ்பேனரைத் தொட்டால் ஏதாவது ஒன்று உடையாமல் இருக்காது. ஸ்பேனர் சாய்ந்து, 'டிக்' என்று சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார்.

அம்மா பிளக்குக்குப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அங்கே பீங்கானை மையில் முக்கித் துடைப்பார்களாம். விரிசல் இருந்தால் அதற்குள் மை தங்கிவிடுமாம்.

நான் என் மைப் பேனாவைத் திருகி, பிளக்கின் வெள்ளைக் கழுத்தில் மையை விட்டுத் துடைத்தேன். முடி மாதிரி ஒரு நீலக் கோடு நின்றது.

"அப்பா, பீங்கான் விரிஞ்சிருக்கு. கரண்ட் இது வழியா வெளிய ஓடிடும், உள்ள பொறி வராது. ஞாயித்துக்கிழமை நீங்கதானே..."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "நீயே உள்ள போய் சித்தப்பாகிட்ட சொல்லிடும்மா."

"மாட்டேன். திட்டினது நீங்க."

அப்பா வாசலில் நின்று மென்று விழுங்கினார். "தப்பு என்மேலதான்டா" என்று முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லுங்கப்பா. திட்டினப்ப தெருவுக்கே கேட்டுச்சு."

அப்பா சத்தமாகச் சொன்னார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "சரிண்ணே. எப்பவும் போல வீட்டுக்கு வாங்க. ஆனா வண்டிய மட்டும் இனிமே வேற கடைல காட்டுங்க."

அப்பா ஸ்கூட்டரைப் பிடித்துக்கொள்ள, அடுத்த தெருக் கடை வரை நான் பின்னாலிருந்து தள்ளினேன்.