அண்ணன் கொடுத்த ரத்தம்

சிகிச்சை முடிந்து சென்னையிலிருந்து ஜெஸ்மி வந்து இறங்கிய மத்தியானம், கடற்கரைத் தெருவின் அந்தப் பழைய வீட்டில் கதவெல்லாம் திறந்தே கிடந்தது. உள்ளே ஈரச் சுவரின் வாடை. அம்மா இசபெல்லா மகளின் பையை வாங்கிக்கொண்டாள்.

ரத்தப் புற்றுநோயிலிருந்து ஜெஸ்மியைக் காப்பாற்றியது அவள் அண்ணன் ரோச். அவன் கொடுத்த ஸ்டெம் செல்கள் அவள் எலும்பு மஜ்ஜையில் குடியேறிப் புது ரத்தத்தை ஊற வைத்தன. "இனி உங்க உடம்புல ஓடுறது உங்க அண்ணன் ரத்தம்தான்" என்றார் டாக்டர். அவளுக்கு முன்பே ஊர் திரும்பிய ரோச் கடலில் சங்கு குளிக்கப் போனான். மூழ்கியவன் மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம், வள்ளங்கள் கரை திரும்பும் நேரத்தில், ஜெஸ்மிக்கு மூச்சு நின்றது.

வலி இல்லை. காதுக்குள் தண்ணீர் அழுத்தியது. கண்முன்னே பச்சை இருள். மூச்சு திரும்பியபோது வாயெல்லாம் உப்பு.

மறுநாளும் அப்படியே. நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனால் மூச்சு நிற்கும் நேரம் நாளுக்கு நாள் நீண்டது.

"அண்ணன்தாம்மா" என்று கிசுகிசுத்தாள் ஜெஸ்மி. "இன்னும் கீழதான் கெடக்கான். மேல வர முடியாம தவிக்கான்."

இசபெல்லா மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். துடித்தது. புதைக்க உடல்கூட இல்லாதவளுக்கு மகனில் மிஞ்சியது அந்தத் துடிப்புதான். விட மனம் வரவில்லை. தினமும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் ஜெஸ்மியின் உதடு நீலம் பாரித்தது.

நகங்களும்.

மகளின் நெஞ்சில் காதை வைத்தாள் இசபெல்லா. வெகு ஆழத்தில் ஏதோ முட்டிக்கொண்டிருந்தது.

"ரோச்சு, அம்மா பேசுதேன். தங்கச்சிய விட்டிரு மக்கா. நீ குடுத்த உசுருதானே. அம்மா இனி உன்னைப் பிடிச்சு வைக்க மாட்டேன். நீ போயிரு."

மணிக்கட்டை விட்டாள்.

ஜெஸ்மி மூச்சை இழுத்தாள். இசபெல்லா சுவரில் தலையைச் சாய்த்து, சத்தமில்லாமல் அழுதாள்.

அதற்குப் பிறகு ஜெஸ்மிக்கு மூச்சு நிற்கவில்லை. ரோச்சுக்காக மாதா கோவிலில் பூசை வைத்தார்கள். அவள் நன்றாகச் சாப்பிடத் தொடங்கினாள்.

அடுத்த வாரம் வழக்கமான பரிசோதனைக்கு நர்ஸ் ஜெபசெல்வி வீட்டுக்கே வந்தாள். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயை மேஜைமேல் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனாள். திரும்பியவள் நின்றுவிட்டாள்.

"மேசைய யாரும் ஆட்டுதியளா?"

யாரும் ஆட்டவில்லை.

குழாய்க்குள் ரத்தம் மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது. தூங்குகிறவன் நெஞ்சைப்போல மறுபடி ஏறியது.

இசபெல்லா குழாயை இரண்டு கையாலும் பொத்தி எடுத்தாள்.

கைக்குள்ளும் அந்த மூச்சு நிற்கவில்லை.