நன்றி சொல்லாமல் எழுந்தவர்

பிற்பகல் இரண்டு மணி. கோடை முடிகிற மார்ச் பிறந்தும் உருகுவே நாட்டுத் தாக்குவாரெம்போவில் வெயில் தணிந்தபாடில்லை. சதுக்கத்தில் நிற்கும் வெண்கலக் குதிரைக்கு வியர்த்துக் கொட்ட, அதை நக்க நாலு நாய்கள் வரிசையில் நின்றன. நம்ப முடியவில்லையென்றால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே என்னால் இறங்க முடியாது. ஊரே மதியத் தூக்கத்தில் கிடந்தது. தெருவில் ஈ காக்காய் இல்லை.

ஒலெகாரியோ அந்த நேரத்தைப் பொறுக்கியெடுத்ததே அதற்காகத்தான். செத்துப்போன தம்பியின் வீட்டுக்கு அவர் போவதை ஒருவரும் பார்க்கக் கூடாது.

அவருக்கு வேண்டியது அப்பாவின் வெள்ளிக் கடிவாளம். சனிக்கிழமை, குதிரையேறி மாடு மேய்க்கும் கௌச்சோக்களின் திருவிழா ஊர்வலம். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தெட்டு வருஷம் முத்திரை குத்தியவர், நாற்காலியைத் தவிர வேறெதன் மேலும் ஏறி உட்காராதவர் என்று ஊர் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது. குதிரை பழக்கியவரின் மூத்த மகனுக்கு இதைவிட அவமானம் இருக்க முடியாது. பக்கத்துப் பண்ணையில் ஒரு சாதுவான குதிரைக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. அது எவ்வளவு சாது என்றால், வால்மேல் உட்கார்ந்த ஈயைக்கூட அது தொந்தரவு செய்யாது. அந்தக் கடிவாளத்தோடு ஒரே ஒரு தடவை ஊர்வலம் போய்விட்டால் போதும், எல்லா வாயும் அடைபடும்.

கடிவாளம் தம்பி நெரேயோவிடம் போனதற்குக் காரணம் இருந்தது. படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பதினொரு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தவன் அவன். ஒலெகாரியோ ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போவார்.

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் பிற்பகல் அண்ணனும் தம்பியும் சமையலறையில் மாத்தே குடித்தார்கள். ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல். இலைத்தூளின் மேல் ஒருவர்தான் வெந்நீர் ஊற்றுவார். குடித்தவர் குடுக்கையைப் பேசாமல் திருப்பித் தந்தால் அடுத்த முறையும் அவருக்கு வரும். ‘நன்றி’ என்று சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம். அதைச் சொல்லாமல் எவனும் எழுந்து போவதில்லை. ஊற்றுகிறவன் முகத்தில் காறித் துப்பியது போலாகிவிடும்.

கடிவாளம் தம்பிக்குத்தான் என்று தெரிந்ததும் ஒலெகாரியோ பாதிக் குடுக்கையை மேசைமேல் வைத்தார். எழுந்தார். போய்விட்டார்.

இருபத்திரண்டு வருஷம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. நெரேயோ மட்டும் தினமும் இரண்டு மணிக்குக் காலி நாற்காலிக்கு எதிரே ஒரு குடுக்கை ஊற்றி வைப்பான். அண்ணன் முறை இன்னும் முடியவில்லை என்பான். போன குளிர்காலம் நோயில் விழுந்தவன் மூன்று முறை ஆளனுப்பினான். அடுத்த வாரம் வருகிறேன் என்று மூன்று முறையும் பதில் போனது. ஆகஸ்டில் ஒருநாள் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தான். அடுப்பில் கெட்டில் காய்ந்து கரிந்திருந்தது.

சாவி பக்கத்து வீட்டு எவுஃப்ராசியாவிடம் இருந்தது. எண்பது வயது, ஒலெகாரியோவை அரைக்கால் சட்டையில் பார்த்தவள். தூக்கம் கெட்ட எரிச்சலோடு வந்து கதவைத் திறந்தாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா உனக்கு?”

அஞ்சு மணிக்கு வா, நானும் கூட வருகிறேன் என்றாள். அவர் கேட்கவில்லை.

“அப்ப ஒண்ணு செய். உள்ள எதைக் குடுத்தாலும் குடி. குடிச்சிட்டு வாயைத் தொறந்து நன்றின்னு சொல்லிட்டு வா. போன தடவை மாதிரி எந்திரிச்சு வந்துடாத.”

“செத்தவன் எங்க கிழவி மாத்தே ஊத்துவான்?” ஒலெகாரியோ சிரித்தார்.

கிழவி சிரிக்கவில்லை. சாவியைக் கையில் திணித்தாள்.

ஏழு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. ஜன்னல் இடுக்குகளில் வெயில் கத்தி முனைபோல நுழைந்திருந்தது. பழந்தோல், குதிரை வியர்வை, கரிந்த இரும்பு வாடை. சமையலறையை நெருங்க நெருங்க அதற்கடியில் இன்னொரு வாசனை எழுந்தது.

நனைந்த இலை.

கடிவாளம் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மின்னியது. மேசைமேல் சுரைக்குடுக்கை இருந்தது. விளிம்புவரை பச்சை நுரை.

ஆவி பறந்தது.

கிழவியின் வேலை என்று நினைத்தார். ஆனால் அவள் இப்போதுதானே தூங்கி எழுந்தாள், சாவியும் அவர் கையில் அல்லவா இருந்தது?

கடிவாளத்தை எடுக்கக் கை நீட்டினார். முழங்காலின் பின்புறத்தில் நாற்காலி வந்து இடித்தது. உட்கார்ந்துவிட்டார். அவர் கண்ணெதிரே குடுக்கை மெல்லத் திரும்பியது. விருந்தாளிக்குத் தரும்போது திருப்புவார்களே, குழல் வாய்ப்பக்கம் வரும்படி.

அப்படி.

குடித்தார். அந்தக் கசப்பு நாக்கில் தொடங்கிக் கால் கட்டைவிரல் நகம்வரை இறங்கியது. காலிக் குடுக்கையை மேசைமேல் வைத்துவிட்டு எழப் பார்த்தார். கால்கள் கேட்கவில்லை.

தண்ணீர் ஊற்றும் சத்தம்.

மறுபடியும் நுரை.

இரண்டாவது. ஐந்தாவது. எட்டாவது. நாக்கு வெந்து தோல் உரிந்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. ஒரே ஒரு சொல் போதும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சொல்தான் மீன்முள்ளாகத் தொண்டையில் குறுக்கே நின்றது. இருபத்திரண்டு வருஷத்து முள்.

பதினொன்றாவது குடுக்கையோடு அது வெளியே வந்தது.

“நன்றி, நெரேயோ.”

மனசிலிருந்து வரவில்லை. விண்ணப்பத்தில் முத்திரை குத்துவதுபோலச் சொன்னார். சொல்லும்போதே ஒரு கை ஆணிப் பக்கம் போய்க் கடிவாளத்தைப் பற்றியிருந்தது.

வீடு அமைதியானது. கால்கள் அசைந்தன. திரும்பிப் பார்க்காமல் வெளியே ஓடினார்.

சனிக்கிழமை ஊர் வாய் பிளந்தது. வெள்ளியில் பட்டுத் தெறித்த வெயிலில் பாதிப்பேருக்குக் கண் கூசியது, மீதிப்பேருக்கு மூன்று நாள் பார்வையே சரியில்லை. அந்தச் சாதுக் குதிரை தலை நிமிர்த்தி நடனமாடியது. ஒலெகாரியோவுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது: வார் அவர் கையில் தொளதொளவென்றுதான் கிடந்தது. இழுத்துப் பிடித்திருந்தது அவர் இல்லை. பக்கத்தில் வந்த கிழட்டுக் குதிரைக்காரர் ஒருவர் தொப்பியைத் தூக்கி, “பிடிக்கிற பிடியைப் பாத்தா நெரேயோவேதான்யா” என்றார். அந்தப் பாராட்டுகூடத் தம்பிக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஞாயிறு, பிற்பகல் இரண்டு. மனைவி சுல்மா உள்ளே தூங்கினாள். ஒலெகாரியோ தன் சமையலறை நாற்காலிக்குப் பின்னால் கடிவாளத்தை மாட்டி அழகு பார்த்துவிட்டு மாத்தே போட்டார். ஊற்றுகிறவர் முறைப்படி முதல் குடுக்கை அவருக்கு. இரண்டாவதை நிரப்பி மேசைமேல் வைத்துவிட்டு, கெட்டிலை அடுப்பில் வைக்கத் திரும்பினார்.

பின்னால் குழல் அடிமட்டத்தை உறிஞ்சும் சத்தம்.

திரும்பினார். குடுக்கை காலி.

மறுபடி ஊற்றினார். கண் கொட்டாமல் பார்த்தார். நுரை இறங்கிக்கொண்டே போனது. குழல் கடிவாளம் தொங்கிய நாற்காலியைப் பார்த்திருந்தது.

எவுஃப்ராசியாவுக்குப் போன் செய்தார். கிழவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“நன்றி சொன்னது நீ. அவன் வீட்ல உன் முறை முடிஞ்சுபோச்சு. இப்ப அவன் உன் வீட்டுக்கு வந்திருக்கான். போதும்னு அவன் சொல்ற வரைக்கும் ஊத்து.”

“செத்தவன் எப்படிச் சொல்லுவான்?”

“அது எனக்கெப்படித் தெரியும்? அவன் இருபத்திரண்டு வருஷம் உக்காந்திருந்தான். நீயும் உக்காந்து பாரு.”

போனை வைத்துவிட்டாள்.

உள்ளறையிலிருந்து சுல்மா தூக்கக் குரலில் கேட்டாள்: “யோவ் கிழவா, யாருக்கு ஊத்தற?”

மேசையின் மறுகோடியிலிருந்து காலிக் குடுக்கை ஒலெகாரியோவை நோக்கி மெல்ல நகர்ந்து வந்து, கைக்கருகே நின்றது.

ஒரு சொல்லுக்காகக் காது கொடுத்துப் பார்த்தார்.

வரவில்லை.

கெட்டிலை எடுத்தார்.