எதிர் ஜன்னல் உதடுகள்

அந்தமானின் ஹட் பே ஊரில் யார் வீட்டு மிக்சி பழுதானாலும் பொழுது சாய்வதற்குள் கப்பல் ஜெட்டி வரை சேதி போய்விடும். ஆனால் லைன் வீட்டுக் கோடியில் தனியாகக் குடிவந்த ஒச்சம்மாவிடம் பேச மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. காது மந்தம். எதையும் மூன்று முறை சொல்ல வேண்டும். புரளிக்கு அது சரிப்படாது.

பாமாயில் ஆலையில் இருபது வருஷம் நின்ற காது அது. அந்த இரைச்சலில் யாரும் கத்துவதில்லை. குரலே விடாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள்; பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பழக்கம் வீடு வரை வந்துவிடும்.

அதனால்தான் எதிர் ஜன்னல் பெண்ணின் உதடு அசைந்தபோது, நம்ம ஆலைக்காரிதான் என்று ஒச்சம்மா பூரித்துப்போனாள்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

எத்தனை மாதமாயிற்று, ஒருவர் இப்படிக் கேட்டு. குரல்கூடத் தெளிவாக விழுந்தது. சளி பிடித்த, கரகரத்த குரல். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஜன்னலோரம். வெளியே ஈர மண்ணும் அழுகிய பழமும் கலந்த வாடை.

மகன் அருண்பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து கூட்டிப்போக வந்தான்.

"டிக்கெட் போட்டாச்சும்மா. சலோ, கெளம்பு."

"அங்க நீயும் மருமகளும் வேலைக்குப் போயிருவீங்க. நான் செவுத்தோடவா பேசறது? இங்க துணை இருக்கு."

கை காட்டினாள். எதிர்க்கதவில் துருப்பிடித்த பூட்டு. ஆலை மூடிய நாளிலிருந்து பூட்டிய வீடு.

"அங்க யாருமில்லம்மா."

"குரல் கேக்குதுடா."

"டாக்டர் சொன்னாருல்ல? நீ கேக்கறது காதால பாதி, கண்ணால பாதி. உதடு அசையறதப் பாத்தா மூளையே சத்தத்தப் போட்டுக்குமாம். கண்ண மூடிப் பாரு."

மூடினாள்.

குரல் நின்றது.

திறந்தாள்.

"ஏன்க்கா மூடுனீங்க?"

ஒச்சம்மா ஜன்னலைச் சாத்தினாள். சத்தத்தை மூளை போட்டுக்கொள்ளலாம்.

உதட்டைப் போட்டது யார்?

மறுநாளே கப்பலேறினாள். கிழவிக்குப் புத்தி வந்துவிட்டதென்று ஊரே பேசியது, வழியனுப்பத்தான் ஆளில்லை.

மேல்தளப் பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே நின்ற மகனின் வாய் அசைந்தது.

"என்னைய விட்டுட்டுப் போறீங்களேக்கா."

கரகரத்த குரல்.

"என்னடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலியே. கடலை மெல்றேன்."

முகத்தைத் திருப்பினாள். அந்தப் பக்கம் ஒரு வங்காளி அம்மாள் கொட்டாவி விட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா."

ஒச்சம்மாவுக்குப் பயம்தான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் போர்ட் பிளேர் ஃபிளாட்டில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை எவ்வளவு நீளம் என்பதையும் அவள் அறிவாள்.

தள்ளி உட்கார்ந்தாள்.

பக்கத்துக் காலியிடத்தில் பலகை மெல்ல அழுந்தியது.